தண்ணீருக்கு நிறம் பூசாதீர்கள்: தெளிந்த திரவங்களை ரெண்டர் செய்ய முழுமையான வழிகாட்டி

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம், முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் மென்பொருளைக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் ஒரு கட்டத்தில் கன்னியாகுமரிக் கடலைச் செய்து பார்க்க ஆசைப்படுவார்கள். 133 அடி வள்ளுவர் சிலை, விவேகானந்தர் பாறை, இரண்டுக்கும் நடுவே 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம், சுற்றிலும் தண்ணீர். சிலையும் பாறையும் நன்றாகவே அமைந்துவிடும். கடல் மட்டும் நீல பிளாஸ்டிக் விரிப்பைப் போல் கிடக்கும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். தண்ணீரையும் பெயின்ட் அடிக்க வேண்டிய ஒரு பொருளாக நினைத்து, பேஸ் கலரில், அதாவது பொருளின் அடிப்படை நிறத்தில், நீலத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

தெளிந்த திரவத்தின் மேற்பரப்புக்கு நிறம் கிடையாது. அதில் நாம் பார்ப்பவை மூன்று: பரப்பில் பட்டுத் திரும்பும் வானம், பரப்பைத் தாண்டி வளைந்து தெரியும் தரை, உள்ளே கடக்கும் தூரத்தில் ஒளி இழக்கும் பங்கு. இந்த மூன்றையும் தனித்தனியாகச் சரிசெய்தால் நிறம் தானாக வந்து சேரும். பேஸ் கலரை வெள்ளையாக வையுங்கள். இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை இதுதான்.

ரெண்டர் என்பது கட்டிய காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்குவது. அதற்குப் பிளெண்டரில் இருக்கும் சைக்கிள்ஸ் என்ற கருவியை வைத்துச் சொல்கிறேன். வேறு மென்பொருள் என்றால் பொத்தான்களின் பெயர் மாறும், இயற்பியல் மாறாது.

முதல் படி: அளவை மீட்டரில் சரிசெய்யுங்கள்

மற்ற பொருள்களில் அளவு தப்பினாலும் படம் ஓரளவு ஒப்பேறும். திரவத்தில் ஒப்பேறாது. ஒளி எவ்வளவு தூரம் உள்ளே பயணித்தது என்பதை வைத்துத்தான் நிறம் கணக்கிடப்படுகிறது. புதுக் கோப்பைத் திறந்ததும் கிடைக்கும் கனசதுரம் 2 மீட்டர். அதை வைத்து டம்ளர் செய்தால் அது ஆள் உயர டம்ளர். அதில் தண்ணீர் நீலமாகத் தெரிந்தால் மென்பொருள்மீது தப்பில்லை, 2 மீட்டர் தண்ணீர் அப்படித்தான் இருக்கும்.

டம்ளர் 10 சென்டிமீட்டர், தெப்பக்குளப் படி 25 சென்டிமீட்டர் என்று உண்மை அளவிலேயே கட்டுங்கள். அளவை மாற்றியபின் 'அப்ளை ஸ்கேல்' கொடுக்க மறக்க வேண்டாம்.

இரண்டாம் படி: பரப்பு

பிரின்சிபிள்ட் பிஎஸ்டிஎஃப் என்ற பொதுவான மெட்டீரியல் அமைப்பில் டிரான்ஸ்மிஷனை (ஒளி ஊடுருவும் பங்கு) 1 ஆக்குங்கள், ரஃப்னெஸ்ஸை (சொரசொரப்பு) 0 ஆக்குங்கள். ஐஓஆர் என்ற பெட்டியில் கேட்பது நாம் பள்ளியில் படித்த ஒளிவிலகல் எண். முதலில் அங்கே இருப்பது கண்ணாடிக்கு நெருக்கமான எண். தண்ணீருக்கு 1.333, கடல்நீருக்குச் சுமார் 1.34, தேங்காய் எண்ணெய்க்கு 1.45, தேனுக்கு 1.49 அளவில், சாதாரணக் கண்ணாடிக்கு 1.5.

இந்த ஓர் எண் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, ஸ்னெல் விதிப்படி கதிரை வளைக்கிறது. மற்றொன்று, எவ்வளவு ஒளி உள்ளே போகும், எவ்வளவு திரும்பும் என்று பங்கு பிரிக்கிறது. இந்தப் பங்கைக் கணக்கிட்டவர் பிரெனெல். நேர் மேலிருந்து பார்க்கும்போது திரும்பும் பங்கைக் கண்டுபிடிப்பது எளிது: (1.333 − 1) ஐ (1.333 + 1) ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள். 0.0204 வரும். அதாவது வெறும் 2 சதவீதம். சாய்ந்து பார்க்கப் பார்க்க இது ஏறும். நேர்க்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்தால் 6 சதவீதம், 80 பாகையில் 35 சதவீதம், 85 பாகையில் 58 சதவீதம். கடைசிச் சில பாகைகளில் விறுவிறுவென ஏறி நூறைத் தொடும்.

இதைக் கன்னியாகுமரியில் நேரில் பார்க்கலாம். கரையில் நிற்கும் ஒருவரின் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 20 மீட்டர் தள்ளி இருக்கும் அமைதியான நீரை அவர் 85 பாகைக்கும் மேலான சாய்வில் பார்க்கிறார். ஆகவே அவர் பார்ப்பதில் பாதிக்கு மேல் வானம். அதே ஆள் கண்ணாடிப் பாலத்தில் நின்று காலுக்குக் கீழே பார்த்தால் நீர்ப்பரப்பு திருப்பி அனுப்புவது 2 சதவீதம்தான், மீதியெல்லாம் நீரின் உள்ளிருந்து வருவது. ஒரே கடல், ஒரே நேரம், இரண்டு நிறம். பேஸ் கலரில் எந்த நீலத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இரண்டு காட்சிகளில் ஒன்று பொய்யாகிவிடும்.

ஷேடரை, அதாவது பரப்பில் ஒளியைக் கணக்கிடும் நிரலை, சொந்தமாக எழுதுபவர்கள் முழுச் சமன்பாட்டுக்குப் பதில் கிறிஸ்டோஃப் ஷ்லிக் 1994இல் கொடுத்த சுருக்கத்தைப் பயன்படுத்தலாம். ஒன்றிலிருந்து கோணத்தின் கொசைனைக் கழித்து, ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தி, 0.98 ஆல் பெருக்கி, 0.02 ஐக் கூட்டினால் போதும். 80 பாகையில் இது 40 சதவீதம் என்று கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும். கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது நார்மல், அதாவது ஒரு முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டும் செங்குத்துத் திசை. மெஷ்ஷின் (சிறு முகங்களால் ஆன வடிவத்தின்) நார்மல்கள் எல்லாம் திரவத்திலிருந்து வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். ஒரு முகம் திரும்பியிருந்தாலும் அந்த இடத்தில் கதிர் தண்ணீரிலிருந்து காற்றுக்கு வருவதாக நினைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் வளையும். ஃபேஸ் ஓரியன்டேஷனை ஆன் செய்து, எல்லாம் நீலமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

இந்த இடத்தில் இரண்டு சோதனை செய்துவிடுவது நல்லது. சுசீந்திரம் தெப்பக்குளத்தின் படிகளை நினைத்து ஒரு சின்னக் குளம் கட்டுங்கள். கேமராவை நேர் மேலே வைத்து, 1 மீட்டர் ஆழத்தில் ஒரு தட்டை வையுங்கள். சரியாக இருந்தால் தட்டு முக்கால் மீட்டர் ஆழத்தில் இருக்கும் அளவுக்குப் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் 1 ஐ 1.333 ஆல் வகுத்தால் 0.75. இரண்டாவதாக, கேமராவைத் தண்ணீருக்குள் இறக்கி மேலே பார்க்கச் செய்யுங்கள். தண்ணீரின் மாறுநிலைக் கோணம் 48.6 பாகை. ஆகவே வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருங்கி, அதைச் சுற்றிக் குளத்தின் அடித்தரை எதிரொளிக்க வேண்டும். இந்த இரண்டும் வந்துவிட்டால் பரப்பு சரி.

மூன்றாம் படி: தூரம்

நிறம் பிறப்பது இங்கேதான். ஒளி திரவத்துக்குள் போகும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு குறிப்பிட்ட பங்கை இழக்கிறது. தூரத்தை இரட்டித்தால் மிஞ்சும் பங்கு வர்க்கமாகிறது. இதுதான் பியர்-லாம்பர்ட் விதி. தூய தண்ணீர் சிவப்பை அதிகம் விழுங்கும், பச்சையைக் குறைவாக, நீலத்தை மிகக் குறைவாக. மீட்டருக்குச் சுமார் 0.3, 0.06, 0.01 என்று இந்த உட்கவர்தல் எண்களை வைத்துக்கொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் டம்ளரில் சிவப்பு 97 சதவீதம் தப்பிவிடுகிறது, அதனால் டம்ளர் தண்ணீர் நிறமற்றது. 2 மீட்டரில் சிவப்பு 55, பச்சை 89, நீலம் 98. 10 மீட்டரில் சிவப்பு 5, பச்சை 55, நீலம் 90. கடலின் தரை 5 மீட்டர் ஆழத்தில் இருந்தால் சூரிய ஒளி 5 மீட்டர் இறங்கி, 5 மீட்டர் ஏறி வர வேண்டும். ஆகவே 5 மீட்டர் ஆழத்துக்கு 10 மீட்டர் கணக்கு.

கன்னியாகுமரிக் கரையின் சிவப்பு மணலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிவப்பு கார்னெட் தாதுவால் வருவது. கறுப்பாகத் தெரிவது இல்மனைட். கணுக்கால் ஆழத்தில் அந்த மணல் சிவப்பாகவே தெரியும். ஆழம் கூடக் கூட அதன் சிவப்பைக் காட்டச் சிவப்பு ஒளியே மிஞ்சாது, தரை இருண்டு வெளிறும். நீங்கள் தரைக்கு மணலின் உண்மை நிறத்தைக் கொடுத்து, தண்ணீருக்கு இந்த மூன்று எண்களைக் கொடுத்தால், கரையிலிருந்து ஆழம்வரை அந்த மாற்றம் முழுவதும் கையால் ஒரு கிரேடியன்ட்கூடப் போடாமல் வந்துவிடும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம் இது.

பிளெண்டரில் செய்வது எப்படி? மெட்டீரியல் அவுட்புட்டின் வால்யூம் முனையில் 'வால்யூம் அப்சார்ப்ஷன்' நோடை (மெட்டீரியலைக் கட்டும் பெட்டிகளில் ஒன்று) இணையுங்கள். அது, ஒன்றிலிருந்து நிறத்தைக் கழித்து டென்சிட்டியால் பெருக்குகிறது. ஆகவே டென்சிட்டி 1, நிறம் 0.7, 0.94, 0.99 என்று கொடுத்தால் நாம் சொன்ன எண்கள் கிடைத்துவிடும். லீனியர் ஆர்ஜிபி, அதாவது ஒளியின் அளவுக்கு நேர்விகிதமான சிவப்பு, பச்சை, நீல எண்களாகக் கொடுங்கள். ஹெக்ஸ் பெட்டியில் போட்டால் காமா திருத்தம் நுழைந்து கணக்கு கெட்டுவிடும்.

தண்ணீருக்கு எண் கையில் இருக்கிறது. தேனுக்கு? புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனை நீங்களே அளந்துகொள்ளலாம். தட்டையான பக்கங்கள் உள்ள கண்ணாடிப் பாட்டில் ஒன்று எடுங்கள். உருண்டைப் பாட்டில் லென்ஸாகி ஏமாற்றும். பின்னால் வெள்ளைத் தாள், அதற்குப் பின்னால் வெளிச்சம். முதலில் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஒரு படம், அப்புறம் அதே பாட்டிலில் தேன் நிரப்பி ஒரு படம், கேமராவின் எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும் மாறாமல். தண்ணீர்ப் படத்தை அடிப்படையாக வைத்தால் கண்ணாடி விழுங்கும் பங்கு இரண்டிலும் ஒன்றாகிக் கழிந்துவிடும்.

படத்தில் இருக்கும் பிக்சல் எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. 255இல் 128 என்பது பாதி ஒளி இல்லை, சுமார் 22 சதவீத ஒளி. லீனியராக மாற்றியபின் தேன் எண்ணைத் தண்ணீர் எண்ணால் வகுங்கள். உதாரணத்துக்கு, பாட்டிலின் உள் தடிமன் 6 சென்டிமீட்டர், சிவப்பில் 0.7, பச்சையில் 0.3, நீலத்தில் 0.03 மிஞ்சியது என்று வைப்போம். ஒவ்வொன்றுக்கும் இயல் மடக்கை எடுத்து, குறியை மாற்றி, 0.06 மீட்டரால் வகுத்தால் 5.9, 20.1, 58.4 கிடைக்கும். டென்சிட்டியை 60 என்று வைத்துக்கொண்டால் நிறம் 0.90, 0.665, 0.027. கைபேசியின் கேமரா தன் பங்குக்கு நிறத்தைத் திருத்தும், ஆகவே இது ஆய்வகத் துல்லியம் ஆகாது. ஆனால் கண்மதிப்பில் போடுவதைவிடப் பல மடங்கு மேல். முக்கியமாக, கரண்டியிலிருந்து ஒழுகும் மெல்லிய தேன் பொன்னிறமாகவும், பாட்டிலின் நடுப்பகுதி செம்பழுப்பாகவும் ஒரே மெட்டீரியலில் வரும்.

நான்காம் படி: கலங்கல்

உட்கவர்தலை மட்டும் கொடுத்து ஆழ்கடல் செய்தால் கடல் கறுத்துவிடும். ஒளி உள்ளே போகிறது, திரும்பி வர வழியில்லை. உண்மைக் கடலில் நீர் மூலக்கூறுகளும் துகள்களும் ஒளியைச் சிறிதளவு சிதறடித்து மேலே அனுப்புகின்றன. ஆழ்கடலின் நீலத்துக்கு இதுதான் மிச்சக் காரணம். 'வால்யூம் ஸ்கேட்டர்' நோடைச் சேர்த்து, 'ஆட் ஷேடர்' வழியாக அப்சார்ப்ஷனோடு கூட்டுங்கள். டென்சிட்டி மீட்டருக்கு 0.01 அளவில் தொடங்கலாம். கடல்நீரில் மிதக்கும் துகள்கள் ஒளியைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே தள்ளும், ஆகவே கலங்கிய நீருக்கு, சிதறலின் திசையைச் சொல்லும் அனைசோட்ரோபியை 0.9 பக்கம் வையுங்கள்.

முட்டத்திலிருந்து கற்க வந்த ஒரு பையன் கரையோரக் காட்சியை ரெண்டர் செய்து வீட்டில் காட்டினான். கடலுக்குப் போகிற அவன் அப்பா பார்த்த உடனே சொன்னாராம்: "மக்ளே, நெறம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஆழக்கடல் தண்ணி. கரையில இது வராது." அவர் சொன்னது அப்படியே சரி. கரையோர நீரில், ஆறுகள் கொண்டுவரும் மக்கிய இலைச்சாறு நீலத்தை விழுங்குகிறது, பாசி நீலத்தையும் சிவப்பையும் விழுங்குகிறது. மிஞ்சுவது பச்சை. பழையாறு கடலில் சேரும் மணக்குடியிலும், குழித்துறை ஆறு சேரும் தேங்காய்ப்பட்டணத்திலும் மழைக்குப்பின் வண்டலும் சேர்ந்துகொள்ளும். இங்கே நீலத்தின் உட்கவர்தலை 0.01இலிருந்து 0.2, 0.3 வரை ஏற்றுங்கள், சிதறலையும் பத்து மடங்கு கூட்டுங்கள். கலங்கல் கூடும்போது தரை மறையத் தொடங்கும், அதைத் தடுக்க முயல வேண்டாம்.

அக்கானியும் (பதநீர்) இந்த வகைதான். பானையிலிருந்து ஊற்றும்போது அது தெளிவும் இல்லாமல் பாலும் இல்லாமல் நடுவில் நிற்கும். அதற்கு உட்கவர்தல் மிகக் குறைவு, சிதறல் அதிகம். சென்டிமீட்டர் அளவிலேயே மங்க வேண்டும் என்பதால் ஸ்கேட்டர் டென்சிட்டி நூறுக்கு மேல் போகும்.

ஐந்தாம் படி: கண்ணாடியும் தண்ணீரும் தொடும் இடம்

டம்ளர் தண்ணீர் பொய்யாகத் தெரிவதற்கு பத்துக்கு ஒன்பது முறை இந்த இடம்தான் காரணம். தண்ணீர் மெஷ்ஷை டம்ளரின் உள்சுவருக்கு மயிரிழை உள்ளே தள்ளி வைக்கிறார்கள். நடுவில் ஒரு காற்று அடுக்கு உருவாகிவிடுகிறது. அந்த அடுக்கில் முழு அக எதிரொளிப்பு நடந்து, தண்ணீரைச் சுற்றி வெள்ளி நிற ஓரம் விழும். உண்மையில் கண்ணாடியும் தண்ணீரும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஒளி மிகக் குறைவாகவே திரும்பும்.

அவசரத்துக்கு ஒரு வழி: தண்ணீர் மெஷ்ஷைக் கொஞ்சம் பெரிதாக்கி, அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கண்ணாடிச் சுவருக்குள் புகுத்திவிடுங்கள். கணக்கு முழுதும் சரியில்லை, ஆனால் தூரத்துக் காட்சிகளுக்குப் போதும்.

சரியான வழி, எல்லைகளை மூன்றாகப் பிரிப்பது. காற்றுக்கும் கண்ணாடிக்கும் நடுவே 1.5. காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே, அதாவது மேல்மட்டத்தில், 1.333. கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் நடுவே 1.333 ஐ 1.5 ஆல் வகுத்த 0.889. தண்ணீரை நார்மல் வெளிப்பக்கம் பார்க்கும் மூடிய மெஷ்ஷாகச் செய்து, மேல்முகத்துக்கு ஒரு மெட்டீரியல், பக்கத்துக்கும் அடிக்கும் 0.889 கொண்ட இன்னொரு மெட்டீரியல் கொடுங்கள். இரண்டிலும் ஒரே வால்யூம் இருக்கட்டும். டம்ளரின் உள்சுவரில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உள்ள முகங்களை நீக்கிவிடுங்கள். ஒரே இடத்தில் இரண்டு பரப்பு இருக்கக் கூடாது.

இப்போது மேல்விளிம்பை நெருங்கிப் பாருங்கள். தண்ணீர் கண்ணாடியைத் தொடும் இடத்தில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மேலேறி நிற்கும். கண்ணாடி டம்ளரில் தண்ணீரை ஊற்றிக் கண் மட்டத்துக்குத் தூக்கினால் இந்த வளைவு தெரியும்: கீழ்ப்பக்கம் ஒரு கருங்கோடு, அதன்மேல் மெல்லிய வெள்ளைக்கோடு. மேல்முகத்தின் விளிம்பு வரிசையைக் கொஞ்சம் தூக்கி, பெவலில் நான்கைந்து துண்டாக வளைத்தால் போதும். சின்ன வேலைதான், ஆனால் டம்ளரில் தண்ணீர் இருக்கிறது என்று கண் நம்புவது இந்தக் கோட்டால்தான்.

தேங்காய் எண்ணெயில் இதே எல்லை அனேகமாக மறைந்துவிடும். 1.45க்கும் 1.5க்கும் வித்தியாசம் குறைவு, திரும்பும் ஒளி பத்தாயிரத்தில் மூன்று பங்குதான். எண்ணெய்க் குப்பிக்குள் உள்சுவர் பளிச்சென்று தெரிந்தால் எங்கோ தப்பு இருக்கிறது.

நீர்க்குமிழி என்றால் தண்ணீருக்குள் தனி உருண்டை வைத்து, ஐஓஆர் 0.75 கொடுங்கள். காற்று உள்ளே, தண்ணீர் வெளியே, ஆகவே எண் ஒன்றுக்குக் கீழே.

ஆறாம் படி: தண்ணீரைச் சுற்றி என்ன இருக்கிறது

தெளிந்த திரவம் சுற்றியிருப்பதைத்தான் காட்டும். சாம்பல் நிறப் பின்னணியில் வைத்தால் சாம்பலைக் காட்டும், அவ்வளவுதான். வெளிக்காட்சிக்கு மேகம் உள்ள எச்டிஆர்ஐ (ஒளியின் உண்மை அளவையும் பதிந்த படம்) வானம் போடுங்கள். துடைத்த நீல வானத்தில் அலைகள் தட்டையாகிவிடும். டம்ளர், பாட்டில் என்றால் பின்னால் பெரிய ஒளிப்பலகையும், இரு பக்கமும் கேமராவில் படாத கறுப்பு அட்டையும் வையுங்கள். அந்தக் கறுப்பு, திரவத்தின் ஓரங்களில் வளைந்து வந்து கோடு வரைந்து கொடுக்கும். தேனுக்குப் பின்வெளிச்சம் இல்லாமல் உயிரே வராது.

ஏழாம் படி: அடியில் ஆடும் ஒளிக்கோடுகள்

மேடான அலை ஒளியைக் குவிக்கும், பள்ளமான அலை விரிக்கும். அதனால் குளத்தின் அடியில் ஒளிக்கோடுகள் வலையாக ஆடும். கிராஃபிக்ஸில் இவற்றைக் காஸ்டிக்ஸ் என்கிறோம். கேமராவிலிருந்து கதிர்களை அனுப்பிப் பின்தொடரும் சாதாரணப் பாத் டிரேசிங் முறை இங்கே திணறும். கதிர் கேமராவிலிருந்து கிளம்பி, தரையில் பட்டு, அங்கிருந்து மேலே போகும்போது பரப்பில் வளைந்து, சரியாகச் சூரியனைத் தொட வேண்டும். வானத்தில் சூரியன் அரைப் பாகை அகலம்தான். குருட்டாம்போக்கில் அதைத் தொடும் கதிர்கள் சொற்பம். தொட்டவையெல்லாம் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெறிக்கும்.

இதற்காகவே ஹென்ரிக் வான் ஜென்சன் 1996இல் ஃபோட்டான் மேப்பிங்கைக் கொண்டுவந்தார். விளக்கிலிருந்தே ஒளித்துகள்களை அனுப்பி, விழுந்த இடத்தைக் குறித்துவைக்கும் முறை அது. சைக்கிள்ஸில் 3.2 பதிப்பிலிருந்து ஷேடோ காஸ்டிக்ஸ் இருக்கிறது. மூன்று இடத்தில் டிக் செய்ய வேண்டும்: தண்ணீரில் 'காஸ்ட்', தரையில் 'ரிசீவ்', விளக்கில் 'ஷேடோ காஸ்டிக்ஸ்'. ஒன்று விட்டுப்போனாலும் ஒன்றும் நடக்காது. மெஷ் ஷேட் ஸ்மூத்தாக இருக்க வேண்டும். எதிரொளிப்பால் வரும் காஸ்டிக்ஸுக்கு இது உதவாது. தண்ணீருக்கு மேலே நீட்டிய பாறையின் அடிப்பக்கத்தில் ஆடும் நீரொளி வேண்டுமென்றால் லக்ஸ்கோர் ரெண்டர் என்ற வேறு மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

காஸ்டிக்ஸ் தேவையில்லாத காட்சியில், 'லைட் பாத்' நோடின் 'இஸ் ஷேடோ ரே' வழியாக, நிழல் கதிர்களுக்கு மட்டும் டிரான்ஸ்பேரன்ட் ஷேடரைக் கொடுக்கலாம். ஒளி நேராக இறங்கிவிடும், ரெண்டர் வேகமாக முடியும். தூரத்துக் கடலுக்கு இதுவே போதும்.

எட்டாம் படி: அசைவு

குளம், டம்ளர் வரைக்கும் கையால் செய்யலாம். ஊற்றுவது, சிதறுவதெல்லாம் சிமுலேஷன் வேலை. ஜோஸ் ஸ்டாம் 1999இல் கொடுத்த நிலையான தீர்வுமுறை இந்தத் துறையைத் திறந்துவிட்டது. பிளெண்டரில் 2.82 பதிப்பிலிருந்து மான்டாஃப்ளோ என்ற திரவ சிமுலேஷன் கருவி இருக்கிறது. அதில் உருவாகும் மெஷ் கரடுமுரடாக இருந்தால் எந்த ஷேடரும் காப்பாற்றாது, ஒவ்வொரு மேடும் ஒரு லென்ஸாகிப் பின்னணியைச் சிதைக்கும். ரெசொல்யூஷனைக் கூட்டுங்கள், ஸ்மூத்திங்கையும் கூட்டுங்கள்.

கடலுக்கு, அலைகளை உருவாக்கும் ஓஷன் மாடிஃபையர். அதில் காற்றின் வேகம் முதலில் விநாடிக்கு 30 மீட்டர் என்று இருக்கும். மணிக்கு 108 கிலோமீட்டர், அது புயல். சாதாரண நாளுக்கு 6, 7 போதும். கரையோரத்துக்கு, ஆழம் குறைந்த நீருக்கான டிஎம்ஏ ஸ்பெக்ட்ரத்தை (அலைகளின் பரவல்) தேர்ந்தெடுத்து ஆழத்தையும் சரியாகக் கொடுங்கள்.

நம் கடலுக்கு இது மட்டும் போதாது. உள்ளூர்க் காற்று எழுப்பும் சிற்றலையோடு, தெற்கே வெகு தொலைவில் பிறந்து வரும் நீண்ட அலைகளும் இங்கே வந்து சேருகின்றன. கள்ளக்கடல் என்று நம் கரையில் சொல்வது இந்த நீண்ட அலைகள் உயர்ந்து கரைக்குள் புகுவதைத்தான். ஆழ்நீரில் அலைநீளத்தை மதிப்பிட, அலைநேரத்தை வர்க்கப்படுத்தி 1.56 ஆல் பெருக்குங்கள். 14 விநாடி அலைக்கு 306 மீட்டர் வரும். மாடிஃபையரின் பரப்பு முதலில் 50 மீட்டர்தான், இந்த அலை அதற்குள் அடங்கவே அடங்காது. ஆகவே இரண்டாவது ஓஷன் மாடிஃபையர் ஒன்றை 'டிஸ்பிளேஸ்' முறையில் சேர்த்து, பரப்பை 1000 மீட்டருக்கு மேல் ஏற்றி, சிறிய அலைகளை வடிகட்டிவிடுங்கள். கடல் மூச்சுவிடத் தொடங்கும்.

நுரையும் அருவியும் வேறு கணக்கு. திற்பரப்பு அருவி வெள்ளையாகத் தெரிவது, தண்ணீரும் காற்றும் ஆயிரமாயிரம் எல்லைகளாகக் கலந்து ஒளியை எல்லாத் திசைக்கும் சிதறடிப்பதால். அதைத் தெளிந்த மெஷ்ஷாகச் செய்து ரெண்டர் நேரத்தை வீணாக்காதீர்கள். ஸ்ப்ரே, ஃபோம் துகள்களாகப் பிரித்து, வெள்ளைச் சிதறல் ஷேடர் கொடுங்கள். அருவியின் ஓரத்தில் பாறையை ஒட்டி வழியும் மெல்லிய நீருக்கு மட்டும் கண்ணாடி ஷேடர்.

ஒன்பதாம் படி: ரெண்டர் அமைப்பு

ஒரு கதிர் டம்ளரை நேராகக் கடக்கவே நான்கு எல்லைகளைத் தாண்ட வேண்டும். உள்ளே இரண்டு முறை எதிரொளித்தால் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறும். பவுன்ஸ் என்பது கதிர் எத்தனை முறை திசைமாறலாம் என்ற வரம்பு. மொத்த பவுன்ஸும் டிரான்ஸ்மிஷன் பவுன்ஸும் முதலில் 12 என்று இருக்கும். கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்த காட்சிக்கு 24 வரை கொண்டுபோங்கள். குறைவாக இருந்தால் ஓரங்களில் கறுப்புத் திட்டு விழும். சிதறல் இருந்தால் வால்யூம் பவுன்ஸையும் 0இலிருந்து ஏற்ற வேண்டும்.

அளவுக்கு மீறிய ஒளிர்வை வெட்டும் இன்டைரக்ட் கிளாம்ப் வெள்ளைப் புள்ளிகளை அடக்கும், காஸ்டிக்ஸின் ஒளிர்வையும் சேர்த்தே அடக்கிவிடும். படத்தின் புள்ளிகளைத் துடைக்கும் டீநாய்ஸரைக் கடைசியில் மட்டும், போதுமான சாம்பிள் (ஒவ்வொரு பிக்சலுக்கும் அனுப்பும் கதிர்கள்) கொடுத்தபின் பயன்படுத்துங்கள். சாம்பிள் குறைந்த தண்ணீரில் அது இல்லாத அலையை வரைந்துவிடும்.

பத்தாம் படி: கணினி விளையாட்டுகளுக்கு

விநாடிக்கு 60 படம் வேண்டுமென்றால் கதிர்களைப் பின்தொடர நேரமில்லை. முதலில் ஒளிபுகாப் பொருள்களை எல்லாம் வரைந்து, நிறத்தையும் ஆழத்தையும் (இங்கே ஆழம் என்பது கேமராவிலிருந்து உள்ள தூரம்) சேமித்துவைக்க வேண்டும். அப்புறம் தண்ணீரை வரையும்போது, தரையின் ஆழத்திலிருந்து நீர்ப்பரப்பின் ஆழத்தைக் கழித்தால் நடுவே உள்ள தூரம் கிடைக்கும். மூன்றாம் படியின் அதே எண்களை அந்தத் தூரத்தோடு பெருக்கி, குறைக்குறியோடு அடுக்குக்குறிச் சார்பில் போடுங்கள். ஒரே அளவில் ஒளிபுக விடும் வெறும் ஆல்ஃபா கலவையைவிட இது எவ்வளவோ மேல், செலவும் அற்பம்.

வளைவுக்கு, சேமித்த படத்தை நார்மலின் பக்கம் கொஞ்சம் நகர்த்தி எடுப்பார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. நகர்த்திய இடத்தில் தண்ணீருக்கு முன்னால் நிற்கும் பொருள் இருந்தால், படகின் நிறம் தண்ணீருக்குள் கசியும். எடுத்த இடத்தின் ஆழம் நீர்ப்பரப்புக்கு முன்னால் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, இருந்தால் நகர்த்தாமல் எடுங்கள். ஷேடர் எழுதும் ஜிஎல்எஸ்எல் மொழியின் ரிஃப்ராக்ட் செயற்கூறுக்குக் காற்றிலிருந்து தண்ணீருக்குப் போகும்போது 0.75, திரும்பும்போது 1.333. திரும்பும்போது முழு அக எதிரொளிப்பு நடந்தால் அது பூச்சியத் திசையைக் கொடுக்கும். அந்த நிலையில் எதிரொளிப்புத் திசையை எடுத்துக்கொள்ளும்படி எழுதிவையுங்கள், இல்லையென்றால் நீருக்கடிக் காட்சியில் ஓட்டைகள் தெரியும்.

துகள்களால் ஆன திரவத்துக்கு, 2009இல் வான் டெர் லான், சைமன் கிரீன், சைன்ஸ் மூவரும் கொடுத்த திரைவெளி முறை இன்றும் நன்றாக வேலை செய்கிறது. துகள்களை உருண்டைகளாக ஆழப்படத்தில் வரைந்து, அந்த ஆழத்தை மழுங்கச் செய்து, அதிலிருந்து நார்மலை எடுப்பார்கள். தடிமனைத் தனியாகக் கூட்டிச் சேமிப்பார்கள். மெஷ்ஷே தேவையில்லை. மழுங்கச் செய்யும்போது ஆழம் சட்டென மாறும் ஓரங்களைத் தாண்டி மழுக்கக் கூடாது. தாண்டினால் முன்னால் தெறிக்கும் துளியும் பின்னால் இருக்கும் நீரும் ஒட்டிக்கொள்ளும்.